டைனிங் சேர் சீட்டுக்கு பவானி ஜமக்காளம்: நாலு முடிஞ்சது, ரெண்டு பாக்கி

நாலாவது சேர் சீட்டு நேத்து ராத்திரி ஃபிரேம்ல சிக்குனு உக்காந்துருச்சுங்க. சுத்தியல் தட்டல, முட்டி வச்சு அமுக்கல, ரெண்டு கையால அழுத்தினேன், இறங்கிருச்சு. மூணு வாரமா இந்த ஒரு விஷயத்துக்குத்தான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன், அந்த சந்தோஷத்துலதான் இத எழுதறேன்.

குஷன் வேலை புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்கறது "எத முதல்ல எடுக்கலாம்"னுதான். சோஃபாவ எடுக்காதீங்க. நான் போன வருசம் சிங்கிள் சோஃபாவுல கை வச்சேன், ஸ்பிரிங், பட்டை, கைப்பிடிக்குள்ள அட்டைனு பிரிக்கப் பிரிக்க வந்துட்டே இருந்துச்சு, எது எதுக்கு அப்புறம்னு போட்டோ எடுத்து வைக்காததால இன்னும் பின் ரூம்லதான் கெடக்குது. அடியில நாலு ஸ்க்ரூ கழட்டினா சீட்டு தனியா கையில வர்ற சேரா எடுங்க. தையல் மிஷின் வேண்டாம், ஒரே பலகை, ஒரே துணி, தப்பா போனா ஸ்டேப்ளர் பின்னப் புடுங்கிட்டு மறுபடி அடிக்கலாம். எங்கப்பா வாங்கின ஆறு தேக்கு சேர் அந்த மாதிரிதான்.

ஆனா யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. சேர் சுலபமா இருந்தா மட்டும் பத்தாது, துணியும் சுலபமா இருக்கணும். ரெக்ஸின் போட்டிருந்தா ஆறும் ஒரே ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிருக்கும். அது இழுத்தா கொடுக்கும், மூலையில தானா வளையும். எனக்கு பவானி ஜமக்காளம்தான் வேணும்னு ஆசை. எங்க வீட்டுல விசேஷம்னா அதுலதான் எல்லாரும் உக்காருவோம், அந்தக் கலர் பட்டை சாப்பாட்டு மேசையச் சுத்தி இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சதுதான் ஆரம்பம். 6க்கு 9 அடி ஒண்ணு, கைத்தறியா பாத்து வாங்கினேன். பலகை 17க்கு 16 இஞ்ச், ஃபோம் 2 இஞ்ச், அடியில மடிக்க 2 இஞ்ச், பலகையோட கனத்தையும் சேத்து ஒரு சீட்டுக்கு 26க்கு 25 துணி. மொத்தம் எட்டு துண்டு தேறும், ஆறு போக ரெண்டு கையிருப்பு.

அந்த ரெண்டும் மொத சேர்லயே போச்சு.

மொதத் துண்டு பிரிஞ்சு போச்சு. ஜமக்காளத்துல கலர் பட்டை எல்லாம் ஊடை நூல்தான், அதாவது குறுக்க ஓடற நூல், தடிமனா இருக்கும், நெடுக்க ஓடற பாவு நூல் வெளிய தெரியவே தெரியாது. பட்டை முன்னாலேருந்து பின்னால ஓடற மாதிரி வச்சு, இடது பக்கம் பின் அடிச்சு வலது பக்கம் இழுத்தேன், வெட்டின ஓரத்துலேருந்து ஊடை ஒண்ணொண்ணா கழண்டு பின்னோட வந்துருச்சு. ரெண்டாவது துண்ட மடிப்பு படியணும்னு தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டேன், சிவப்பு பக்கத்து வெள்ளப் பட்டையில இறங்கிருச்சு. அதனால வெட்டறதுக்கு முன்னாடியே ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு அலசி நெழல்ல காய வச்சுருங்க. சுருங்கறதும் அப்பவே சுருங்கிரும். நான் மிச்சம் இருந்த ஆறு துண்டையும் அப்புறம்தான் அலசினேன், ஓரத்துல சுத்தித் தையல் போட்டுட்டு.

பிரியறதுக்கு கண்டுபிடிச்ச வழி வெள்ள ஃபெவிகால். கொஞ்சம் தண்ணி கலந்து, வெட்டப்போற கோட்டு மேல ஒரு விரல் அகலத்துக்கு பிரஷ்ல தடவி, ராத்திரி பூரா காய விட்டு, காலைல அந்தப் பசை நடுவுல வெட்டணும். ஒரு நூல் நகராது. கத்தரி நல்லா கூரா இருக்கணும், நான் தெருவுல சாணை பிடிக்கிறவர்கிட்ட தீட்டி வாங்கினேன்.

இப்ப மூலை. இதுலதான் மூணு வாரம் போச்சு. நாலு பக்கமும் நடுவுல ஒரு பின், அங்கேருந்து மூலைய நோக்கி, மூலைக்கு 3 இஞ்ச் விட்டு நிறுத்தறது, எல்லாம் வழக்கமா செய்யறதுதான். துணி கனமா இருந்தா அந்த 3 இஞ்சுல மூணு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா சீட்டு ஃபிரேமுக்குள்ள போகமாட்டேன்னுது. பழைய ரெக்ஸின் கனத்துக்கு அளவெடுத்த பள்ளம் அது, ஜமக்காளத்துக்கு இடமே இல்ல. அழுத்திப் பாத்ததுல ரெண்டாவது சேர்ல ஃபிரேம் ஜாயின்ட் லேசா வாய் பொளந்துச்சு, எனக்கு வயிறு கலங்கிருச்சு, அப்பா சேராச்சே.

எங்க வீதி முக்குல முப்பது வருசமா குஷன் வேலை பாக்கற அண்ணன்கிட்ட சீட்டத் தூக்கிட்டுப் போய், "ஏனுங்ணா, இது ஏன் இறங்கமாட்டேங்குது"ன்னேன். திருப்பிக்கூட பாக்கல, விரலால மூலையத் தடவிட்டு, "துணியக் கொறைக்காத கண்ணு, பலகையக் கொறை"ன்னாரு.

அவ்வளவுதான் விஷயம். துணியப் பிரிச்சு, பலகையச் சுத்தி ஒவ்வொரு பக்கமும் 3 மில்லி இழைச்சு எடுத்தேன், நாலு மூலையையும் அரத்தால கால் இஞ்ச் உருட்டினேன். அப்புறம் மூலைத் துணிய பலகை நடுவ நோக்கி குறுக்கா இழுத்து ஒரே ஒரு பின். ரெண்டு பக்கமும் காது மாதிரி நிக்கும்ல, அதுல உள்ள போற மடிப்ப மட்டும், பசை தடவிக் காஞ்ச கோட்டுல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த பின்பக்கம் பாத்து மடிச்சு, மேல பழைய துணி வச்சு மரச்சுத்தியால நாலு தட்டு. மூணு அடுக்கு ரெண்டாயிரும். 6 மில்லி பின் இதுக்கு நிக்கவே நிக்காது, 10 மில்லி போடுங்க. கையால அமுக்கற ஸ்டேப்பிள் கன்ல முழுசா இறங்காது, இறங்காதத சுத்தியலால தட்டிக்கணும்.

ஃபோம் 40 டென்சிட்டிதான் போட்டேன். சில கடையில முழு ஷீட்டா வாங்கினாத்தான் தருவேன்னு நிப்பாங்க, குஷன் தைக்கிற இடத்துல கேட்டா கட்டிங் துண்டு எடைக்கே கிடைக்குது, சேர் சீட்டுக்கு அதுவே தாராளம். ஃபோம பலகையில ஒட்டற எஸ்.ஆர். பசைய ரெண்டுலயும் தடவிட்டு உடனே ஒட்டாதீங்க, தொட்டா விரல்ல ஒட்டாத பதம் வரட்டும், ஜன்னல் தெறந்து வச்சுக்கோங்க.

எல்லா சேர்லயும் ஒரே கலர் நடுவுல வரணும்னு பாத்தேன், துணி பத்தல. ஒண்ணுல பச்ச நடுவுல, ஒண்ணுல சிவப்பு. வரிசையா போட்டுப் பாத்தா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, ஒரே ஜமக்காளம் மேசையச் சுத்தி ஓடற மாதிரி இருக்கு.

அடுத்து அம்மாவோட டிரங்குப் பெட்டி மேல ஒரு நீள குஷன் போடணும், அதுக்கு சென்னிமலைப் போர்வைத் துணி பாத்து வச்சிருக்கேன், ஜமக்காளத்த விட மெல்லிசு, மூலை இவ்வளவு படுத்தாதுனு நெனைக்கறேன். செவ்வாக்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தைல மீட்டர் கணக்குல கிடைக்குதானு பாக்கணும். அதுக்கு முன்னாடி அஞ்சாவது சீட்டு. பலகை இழைச்சாச்சு, துணி பசையோட ஃபேனுக்கு அடியில காயுது, காலைல வெட்டணும். இனி கையிருப்புத் துண்டு ஒண்ணுகூட இல்ல.