20 பாகையும் ஒரு பை ஐஸும்

உயர்தரம் முடித்து, கொழும்பில் ஒரு கலைக் கல்லூரியில் புகைப்பட டிப்ளோமாவுக்குச் சேர்ந்தபோது கமராதான் கஷ்டம் கொடுக்கும் என்று நினைத்தேன். கமரா சில வாரங்களில் கைக்கு வந்துவிட்டது. கடைசிவரை என்னோடு மல்லுக்கு நின்றது தண்ணீர்.

முதல் தவணை முழுவதும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், எச்பி5 என்ற ஃபிலிம் சுருளை ஐடி-11 என்ற டெவலப்பரில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும் என்கிறது இங்கிலாந்துக் கம்பெனியின் தாள். எங்கள் குழாயில் பங்குனிப் பகலில் வந்த தண்ணீர் 29 பாகை. சூடு கூடினால் நேரத்தைக் குறைக்கலாம்தான். ஆனால் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சீராகப் பிடிக்காது. என் முதல் சுருளில் காலிமுகத்திடல் வானம் முழுக்கத் தேமல் விழுந்திருந்தது.

கழுவுவதற்கு முன் ஃபிலிமை ரீலில் சுற்றுவது அதைவிட மோசம். கும்மிருட்டு, காற்றில்லாத அறை. பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் சுருள் பாதி வழியில் சிக்கிவிடும். எனக்கோ உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். ஒருநாள் அழுதும்விட்டேன், அழுதால் யாருக்கும் தெரியாது என்பது இருட்டறையின் வசதி. மேல்வகுப்புச் சிங்கள அக்கா ஒருவர்தான், தலைமுடி உலர்த்தும் கருவியால் ரீலை முதலில் காயவைக்கச் சொன்னார். அன்றிலிருந்து சிக்கவில்லை.

தண்ணீரின் சூட்டுக்குப் பரிகாரம் வெள்ளவத்தைச் சந்தையில் கிடைத்தது. மீன்கடை ஐயாவிடம் ஐஸ் கேட்டேன்.

"என்ன பிள்ளை, மீன் வாங்காமல் ஐஸ் மட்டும்?"

ரெஜிபோம் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் கொண்டுபோவேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஐஸை மருந்துக்குள் போடக்கூடாது, கலவை நீர்த்துப்போகும். பேசினில் ஐஸ் தண்ணீர் விட்டு, அதில் மருந்துப் போத்தலை இறக்கி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஃபிலிமை அலசும் தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவரவேண்டும் என்பது இரண்டு சுருள் போன பிறகுதான் புரிந்தது.

லயனல் வென்ட் அரங்குக்கு எங்களை அழைத்துப்போனார்கள். 1944-இல் இறந்த புகைப்படக் கலைஞர் வென்ட், 43 குழு என்ற ஓவியர் அமைப்பின் தூண். பாதி கழுவிய படத்துக்கு வெளிச்சம் காட்டி விளிம்புகளைக் கோடாக மிளிரவைக்கும் சோலரைசேஷனை 1930-களிலேயே செய்தவர். கலையைப் பற்றி விரிவுரையாளர் பேசப்பேச, இந்த மனிதர் ஐஸ் எங்கே வாங்கினார் என்றுதான் எனக்கு ஓடியது.

இறுதித் தொகுப்புக்குச் செட்டியார் தெரு நகைப் பட்டறை ஒன்றை எடுத்தேன். முதல் மூன்று நாளும் கமராவை வெளியில் எடுக்கவில்லை. தங்கம் இருக்கும் இடத்தில் அந்நியப் பெண்ணுக்கு என்ன வேலை? நான்காம் நாள் பத்தர் தாமாகவே, "எடுக்கவில்லையா?" என்றார். லென்ஸ் துளை எஃப் 2, ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு. ஊதுகுழல் சுடர் மட்டுமே வெளிச்சம். பன்னிரண்டு படங்கள் தேறின. தேர்வாளர்களின் சிங்களக் கேள்விகளில் பாதிதான் விளங்கியது. மீதியை, படத்தில் பத்தரின் நகக்கண்ணில் படிந்த கரியைக் காட்டிச் சமாளித்தேன். தேறிவிட்டேன்.

மீன்கடை ஐயாவையும் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிக் கொடுத்தேன். தூரப்பிடித்து, கிட்டப்பிடித்துப் பார்த்தார்.

"என்னை நன்றாக எடுத்திருக்கிறாய் பிள்ளை. மீன்தான் நேற்றைய மீன் மாதிரி இருக்கிறது."