கோட்டை மைதானமும் இரண்டு இன்ஹேலர்களும்

பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால், வேப்பமரத்தடியில் மற்ற பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலாக உட்கார வைக்கப்பட்டவன் நான். 'இளைப்புக்காரப் பிள்ளை ஓடக் கூடாது' என்பதே வீட்டாரின் தீர்ப்பாகவும் இருந்தது. நாற்பத்திரண்டாம் வயதில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் நடக்கத் தொடங்கியபோது எனக்கு மூச்சு வாங்கியதில் பாதி ஆஸ்துமாவால் அல்ல, இத்தனை காலம் உடம்பை அசைக்காமல் வைத்திருந்ததால்தான் என்றார் மருத்துவர்.

வேகமாக நடக்கையில் வாய் வழியே இழுக்கும் காற்று மூச்சுக்குழாயின் உட்சுவரை உலர்த்துகிறது. அதனால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, நடையை நிறுத்திய ஐந்து பத்து நிமிடங்களில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கும். ஆகவே மருத்துவர் சொன்னபடி, கால் மணி நேரம் முன்பே மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தும் நீல நிறச் சால்பியூட்டமால் இன்ஹேலரை இரண்டு பஃப் இழுத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் அகழியோரமாகப் பேச்சு தடைபடாத அளவுக்கு மெதுவாக நடந்த பிறகே வேகத்தைக் கூட்டுவேன். மார்கழிப் பனியில் மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்வேன்.

தினமும் காலையில், மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் நின்றபடி மூன்று முறை ஊதி, அவற்றுள் அதிகமான எண்ணைத் தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்து வந்தேன். 290இல் இருந்த முள் சில மாதங்களில் 380ஐத் தொட்டது. இதற்கு நடையைவிட, மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தணிக்கத் தினமும் தவறாமல் இழுத்த இன்னொரு இன்ஹேலரான பியூடசோனைடே காரணம் என்பது என் கணிப்பு. நடை தந்தது, காட்பாடி ரயில் நிலையப் படிக்கட்டை நடுவில் நிற்காமல் ஏறும் தெம்பு.

இந்த வேறுபாடு புரியாமல், உடன் நடந்த ஒருவர் பேச்சைக் கேட்டு, 'இனி மருந்து எதற்கு' என்று பியூடசோனைடை நானே நிறுத்தினேன். ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை. நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்துமே தவிர உள்வீக்கத்தைத் தணிக்காது என்பதைப் போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் அறிந்தேன். தெருமுனையில் எரித்த டயரின் புகை பனியோடு தரையிலேயே தங்கிவிட, நான் நெபுலைசர் முகமூடியுடன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன்.

மறுபடி ஒழுங்காக மருந்தெடுத்து, மூன்று மாதம் இரவு இருமலின்றிக் கழிந்த பின், காலண்டர் தாள்களைப் பார்த்த மருத்துவரே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமாக இருந்த அளவை 200 ஆகக் குறைத்தார். அடுத்த போகிக்கு நான் மைதானத்துக்குப் போகவில்லை. கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு, வீட்டாரின் கேலிக்கிடையே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நாற்பது நிமிடம் நடந்தேன்.