சாம்பல் பூசின கால்

ஜனவரி 11, 2025, சனி

வத்தம் (கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரம்) பார்த்து மதியம் எண்ணூர் காட்டுக்குப்பம் பக்கம் போனேன். கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் கொசு உள்ளான் என்கிற குட்டிக் கரைப் பறவை முப்பதுக்குக் குறையாது. ஓட்டம், நாலு குத்து, மறுபடி ஓட்டம். 25, 30 கிராம் உடம்பு, சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்து இறங்கியது. பசி இருக்காதா பின்னே!

உமரிச் செடி ஓரமாக ஒன்று மட்டும் தனியாக, முட்டி மடங்கி, எலி மாதிரி ஊர்ந்து பொறுக்கியது. அதன் சாயலிலேயே இருக்கும் இன்னொரு இனம், டெம்மிங்க் கொசு உள்ளானோ? காலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கொசு உள்ளானுக்குக் கறுப்பு, டெம்மிங்குக்கு மஞ்சள் கலந்த பச்சை. ஆனால் இங்கே சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல். இறங்கினால் எல்லாக் காலும் ஒரே நிறம். என் செருப்பும்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

அதே செடி, அதே பறவை. முதுகில் வெள்ளைக் கோடு தேடி அரை மணி வீண். அது ஆவணி, புரட்டாசியில் வருகிற இளம் கொசு உள்ளானுக்கு உள்ள அடையாளம். மார்கழியில் எல்லாம் சாம்பல் பழுப்பு. நெஞ்சைப் பார்க்கலாம்: கொசு உள்ளானுக்கு நடுவில் பளிச்சென்று வெள்ளை, டெம்மிங்குக்குக் குறுக்கே மங்கல் பழுப்பு. இதுவோ எனக்கு முதுகையே காட்டியது.

பறியோடு இறால் தடவிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இது பேரு இன்னா?"

"உள்ளான்."

"அந்தக் கூட்டம்?"

"அதுவும் உள்ளான்தான். அதுங்க தண்ணி பின்னாலயே ஓடும். இது எங்கயும் போவாது, செடிகிட்டயே கிளறிக்கினு கெடக்கும்."

தொலைநோக்கி இல்லாமல் அவர் பார்த்ததை நான் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஒரே புகை. போகவில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். நாலு மணிக்கு ஒரு நாய் சேற்றில் பாய்ந்தது. கூட்டம் 'திட் திட்' என்று தாழப் பறந்து, சேர்ந்தே திரும்பி, பத்தடி தள்ளி உட்கார்ந்தது. செடியோரத்தது மட்டும் 'திர்ர்ர்' என்று சிலிர்த்தபடி செங்குத்தாக மேலே போனது. விரிந்த வாலின் இரு ஓரமும் சுத்த வெள்ளை. கொசு உள்ளானுக்கு அந்த இடம் சாம்பல்.

டெம்மிங்க்தான். நாயைத் திட்ட மனசு வரவில்லை.

நோட்டில் டெம்மிங்க் 1, கொசு உள்ளான் 34. கால் நிறம் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.