ஸ்மார்ட் இரிடேஷன் சிஸ்டம்

எட்டாவது செமஸ்டர் ஜாலியாகப் போகும் என்று சீனியர்கள் சொன்னார்கள். பேப்பர் கம்மி, கிளாஸ் கம்மி, ப்ராஜெக்ட் வேலை என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பினால் மதியம் பாண்டி பீச்சில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றார்கள். இதைச் சொன்ன ஒரு சீனியர்கூட அந்த நேரத்தில் அரியர் இல்லாமல் இருந்ததில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அந்தப் பெயரை முழுசாக எழுதுவதோடு சரி, வாயில் வருவது திருப்பாப்புலியூர்தான். காலேஜ் பாண்டி பக்கம். நான்கு வருஷமும் பஸ். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஸ்டாப்பிங்கை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போவேன். 1918-இல் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் பிடித்துக் கடலூர் ஜெயிலில் போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதே எல்லையை நான் தினம் இரண்டு முறை தாண்டியிருக்கிறேன், டிக்கெட் கேட்ட கண்டக்டரைத் தவிர யாரும் என்னைத் தேடி வந்ததில்லை.

சரி, ப்ராஜெக்டுக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர். ஒருத்தன் பண்ருட்டி, ஒருத்தன் ஓ.டி., அதாவது கடலூர் துறைமுகம் பக்கம், ஒரு பெண் பாகூர், அப்புறம் நான். ஊர்ப் பெயரிலேயே கூப்பிட்டுக்கொள்வோம், என்னை மட்டும் ‘புலியூர்’ என்பார்கள், கேட்பதற்கு வீரமாக இருக்கும் என்பதால் நானும் திருத்தவில்லை. எடுத்துக்கொண்ட தலைப்பு ‘ஸ்மார்ட் இரிகேஷன் சிஸ்டம்’. மண் காய்ந்தால் மோட்டார் தானாக ஓடித் தண்ணீர் விட வேண்டும், நனைந்தால் தானாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஈ.சி.ஈ. படித்த எவர் வீட்டுப் பரணைக் கிளறினாலும் இதில் ஒன்று கிடைக்கும். புதுசாக ஏதாவது செய்யலாமே என்று முதல் மீட்டிங்கில் பாகூர் சொன்னாள். மற்ற மூன்று பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

ஓ.டி.யின் அண்ணன் சென்னையில் இருந்ததால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாவற்றையும் வாங்கி அனுப்பிவிட்டார். ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, மண் ஈரம் பார்க்கும் சென்சார், மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் ரிலே, மீன் தொட்டிக்குப் போடும் குட்டி மோட்டார். தொட்டியும் வாங்கியாயிற்று. மண் மட்டும் பாக்கி. மண்ணுக்கெல்லாம் காசு கொடுப்பார்களா என்று ஓ.டி. ஒருநாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய் ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான்.

அதோடு எங்களுடைய மூன்று நாள் போயிற்று. அந்த சென்சார் என்ன செய்யும் என்றால், மண்ணுக்குள் நிற்கும் அதன் இரண்டு கால்களுக்கு நடுவே கரண்ட் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்க்கும். ஈரம் இருந்தால் சுலபமாகப் போகும், காய்ந்திருந்தால் போகாது. அதை ஆர்டுயினோ 0-விலிருந்து 1023 வரை ஒரு எண்ணாகக் காட்டும், எங்கள் சென்சாரில் எண் ஏறினால் மண் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொட்டி மண்ணோ மேலே கையை வைத்தால் உதிர்கிறது, எண் மட்டும் அடைமழை பெய்த மாதிரி அடிமட்டத்திலேயே நிற்கிறது. கோடிங்கை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், சென்சாரையே மாற்றினோம். பண்ருட்டி எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டான், விளையாட்டுக்குக் கேட்டானா என்று இன்றுவரை தெரியாது. நாலாவது நாள் பாகூர் அந்த மண்ணில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவள் அப்பா விவசாயி. விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது கடக்கரை மண்ணும்மா. உப்பு. இதுல என்ன வெக்கப் போறீங்க?” என்று கேட்டாராம்.

உப்புக் கலந்த ஈரத்தில் கரண்ட் ஓஹோவென்று பாயும், அதனால் உள்ளே துளி ஈரம் இருந்தாலும் சென்சாருக்கு அது வெள்ளம். நான்கு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படித்த நாலு பேருக்கு இது தோன்றவில்லை. (சரி, மூன்று பேருக்கு. அவளுக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறதே.) மறுநாள் அவர்கள் வயல் மண் ஒரு பை வந்தது, எல்லாம் சரியாக ஓடியது.

அப்புறம் ஆரம்பித்தது ரிப்போர்ட். எங்கள் கைடு மேடம் நல்லவர், தங்கமானவர், ஆனால் கையில் ஸ்கேல் வைத்திருப்பார். ரிப்போர்ட்டைப் படிக்க மாட்டார், அளப்பார். இடது பக்க மார்ஜின் கால் அங்குலம் குறைகிறது, போ. தலைப்பு எழுத்து 14 இருக்க வேண்டியது 16 இருக்கிறது, போ. முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது, யார் வைத்தது? நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், கொலைக் கேஸ் மாதிரி. ஏழு முறை பிரிண்ட் எடுத்தோம். ஜெராக்ஸ் கடை அண்ணன் ஐந்தாவது தடவை தூரத்தில் வரும்போதே பெண்டிரைவுக்குக் கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது சாப்டரில் பண்ருட்டி எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதில் இரண்டு பக்கம் கரும்பு ஆலையைப் பற்றி இருந்தது. அது ஏழு முறையும் அப்படியே பாஸாகிவிட்டது, ஏனென்றால் மார்ஜின் சரியாக இருந்தது.

ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேறு கதை. அவர் எப்போது சீட்டில் இருப்பார் என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், அவரோ எங்களைப் பார்த்தாலே “மீட்டிங்” என்பார். அப்போது பலாப்பழ சீசன். பண்ருட்டி வீட்டிலிருந்து ஒரு முழுப் பழத்தை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் ‘ஹெச்.ஓ.டி. இப்ப ஃப்ரீ’ என்று எங்களுக்கு போனே வர ஆரம்பித்தது. டிபார்ட்மென்ட் முழுக்க ஒரு வாரம் பலா வாசனை அடித்தது, எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

பைண்டிங் கொடுக்கிற அன்றைக்குத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். உள் பக்கமெல்லாம் தயார், அட்டையில் தங்க எழுத்தில் அடிக்கத் தலைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கடையில் கூட்டம், எனக்குக் கடைசி பஸ் கவலை. அங்கிருந்த சிஸ்டத்தில் நின்றபடியே அவசரமாக டைப் செய்தேன், ‘இரிகேஷன்’ என்ற வார்த்தைக்கு அடியில் சிவப்புக் கோடு வந்தது, ரைட் க்ளிக் செய்து வந்த பட்டியலில் முதலில் இருந்ததை அமுக்கினேன், கோடு போய்விட்டது. கோடு போனால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? கடை அண்ணன், “தம்பி, ஒருவாட்டி நல்லாப் பாத்துக்க, கோல்டு அடிச்சிட்டா அழிக்க முடியாது” என்றார். “பாத்துட்டேண்ணா” என்றேன். பார்க்கவில்லை. ஆறு காப்பி. மறுநாள் பளபளவென்று கையில் வாங்கி, தடவிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்தோம். நாலு பேரும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம். 80 பேர் பார்த்தார்கள், அதில் ஒருத்தர்கூட எதுவும் சொல்லவில்லை. மக்கள் ஸ்டேட்டஸை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு அன்று புரிந்தது.

வைவாவுக்கு, அதாவது ப்ராஜெக்டைக் காட்டிக் கேள்விக்குப் பதில் சொல்லும் பரீட்சைக்கு, முந்தின நாள் ராத்திரி ரிலே புகைந்துவிட்டது. ஓ.டி. ஓடிப்போய் வேறு ஒன்று வாங்கி மாட்டினான், விளக்கு எரிந்தது, சரி என்று தூங்கப் போனோம். பழைய ரிலே ‘ஹை’ கொடுத்தால் ஆன் ஆகும் வகை, புதுசு ‘லோ’ கொடுத்தால் ஆன் ஆகும் வகை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அதாவது எங்கள் சிஸ்டம் இப்போது காய்ந்த மண்ணைக் கண்டால் சும்மா இருக்கும், நனைந்த மண்ணைக் கண்டால் உற்சாகமாகத் தண்ணீர் விடும்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், எக்ஸ்டெர்னல், வயசானவர், பார்க்க சாந்தமாக இருந்தார். ரிப்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “டெமோ காட்டுங்க” என்றார். நான் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டேன். சென்சார் எடுத்த எடுப்பில் ஒழுங்காக ஒரு ரீடிங் காட்டட்டும் என்று காலையில் பண்ருட்டி மண்ணை ஏற்கெனவே நனைத்து வைத்திருந்தான். மோட்டார் ஓட ஆரம்பித்தது. நல்லது. ஓடியது. இன்னும் ஓடியது. எல்.சி.டி.யில் ‘மண் ஈரமாக உள்ளது’ என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக வருகிறது, மோட்டார் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறது. தொட்டி நிரம்பி, வழிந்து, பாகூர் வயல் மண்ணோடு சேறாக மேஜைமேல் ஒரு கோடு போட்டு நேராக அவருடைய ஃபைலைப் பார்த்து நகர்ந்தது. பாகூர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். ஓ.டி. கைக்குட்டையால் மேஜையைத் துடைக்கப் போய் சேற்றை மேஜை முழுக்கப் பரப்பினான். நான் இன்னும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அவர் ஃபைலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் முதல் முறையாக ரிப்போர்ட்டின் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எங்கள் கைடு மேடம் பக்கம் அதைத் திருப்பிக் காட்டி, ரொம்ப மெதுவாக, “தலைப்பு கரெக்டாத்தான் போட்டிருக்காங்க மேடம்” என்றார்.

‘ஸ்மார்ட் இரிடேஷன் சிஸ்டம்’. தங்க எழுத்தில்.

மேடம் கையில் ஸ்கேல் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அந்த மனிதர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, ஏன் நிற்கவில்லை என்று கேட்டார். மூன்று ஆண்களும் கரண்ட் ஏற்ற இறக்கம், சென்சார் கோளாறு, கத்திரி வெயில் என்று ஆளுக்கொன்று சொன்னோம். பாகூர் மட்டும் ரிலேவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது லோல ஆன் ஆவுது. கோடிங்ல ரெண்டு லைன் மாத்தணும், அஞ்சு நிமிஷம் குடுங்க” என்றாள். மாற்றினாள். காய்ந்த மண் போட்டால் ஓடியது, நனைந்ததும் நின்றது. எங்கள் நாலு பேருக்கும் கிடைத்த மார்க் அவளுடைய மார்க் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காலேஜுக்கான இரண்டு காப்பிக்கு மட்டும் அட்டையை மாற்றித் தரச் சொன்னார்கள். மிச்ச நாலும் எங்களுடையது.

இதோடு முடிந்ததா என்றால், யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூ இருக்கிறது. ஒரே தாளில் 11 கையெழுத்து. பி.டி. சார் எங்கே இருக்கிறார் என்றே எனக்கு நான்கு வருஷமாகத் தெரியாது, கண்டுபிடித்துப் போனால் நான் கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்று தர வேண்டும் என்கிறார். எனக்கு கேரம் ஆடத் தெரியாது. வாங்கிக் கொடுத்துவிட்டேன். லைப்ரரியில்தான் மாட்டினேன். இரண்டாம் வருஷம் எடுத்த மைக்ரோபிராசசர் புத்தகம், நாளுக்கு 1 ரூபாய் ஃபைன், புத்தகமும் வந்தாக வேண்டும். வீட்டில் இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் அம்மா சாவகாசமாக, “நீலக் கலர் குண்டு புக்கா? அது பீரோ கால்ல இருக்குடா, இவ்ளோ நாளா அங்கதான இருக்கு” என்றார். நானும் அப்பாவும் பீரோவை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, தங்கை உள்ளே கையை விட்டு உருவினாள். அட்டையில் பீரோ காலின் வட்டம் முத்திரை மாதிரி பதிந்திருந்தது. லைப்ரரியன் அதைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபைனை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் அரியர். எம்-த்ரீ, மூன்றாவது மேத்ஸ் பேப்பர். மூன்றாவது செமஸ்டரிலிருந்து என்கூடவே வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் பாண்டியை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் ஊர்க் கணக்கு மேதை ஃபோரியர் மட்டும் எனக்காகத் தங்கிவிட்டார். கடைசி முறை எழுதிவிட்டு வந்தபோது அம்மா எப்படி என்று கேட்கவில்லை, மோர் கொடுத்தார். அவருக்கும் பழகிவிட்டது.

ரிசல்ட் வந்த அன்று டி.சி. விஷயமாக காலேஜுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போனில் ரிசல்ட் சைட் சுற்றிக்கொண்டே இருந்தது, ரெட்டிச்சாவடி தாண்டியும் சுற்றியது. புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் பஸ் நின்றபோது திறந்தது. பாஸ். மிகச் சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, ஒரு மார்க் அதிகமில்லை. பார்டரில் வைத்து பார்டர் பாஸ். பக்கத்து சீட்டில் மீன் கூடையோடு இருந்த அம்மா, “இன்னா தம்பி, அழுவுற?” என்றார். “பாஸாயிட்டேன்மா” என்றேன். “அதுக்கா?” என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் கேசரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஹாலில் கேசரியை நீட்டியபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. புத்தகத்தை உருவிய நாளிலிருந்து பீரோவைத் திறந்தால் கடகடவென்று ஆடும், ஒரு மாதமாக அந்தச் சத்தத்தில்தான் எழுந்துகொண்டிருந்தேன். இப்போது அம்மா திறக்கிறார், பட்டுப்புடவையை எடுக்கிறார், மூடுகிறார், சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். கொஞ்சம் அட்டை மடித்து வைத்து, அதன்மேல் என் காப்பி. குட்டைக் காலுக்கு அடியில் ‘ஸ்மார்ட்’ மறைந்திருந்தது, மிச்சம் வெளியே மின்னிக்கொண்டிருந்தது.

“அந்தப் பழசைவிட இது நல்லா நிக்குதுடா” என்றார் அம்மா.