ஒரு ‘உஷ்’, 25 மில்லிநொடி

மூளை அலை என்றாலே ஏதோ தியான சமாச்சாரம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1929-இல் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்து வெளியிட்டபோதும் பலர் நம்பவில்லை.

சரி, மூளை அலைகளில் வேகமான வகையான காமா அலைக்கு வருவோம். நொடிக்குச் சுமார் 40 சுற்று, அதாவது சுற்றுக்கு 25 மில்லிநொடி. அதற்குள் நடப்பதுதான் வேடிக்கை. கூடைச்செல் என்றொரு தடை நியூரான், அதாவது மற்ற நரம்புச் செல்களை அடக்கும் நரம்புச் செல், உண்டு. ஒன்றே ஒன்று, சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான நியூரான்களை ஒரே நேரத்தில் ‘உஷ்’ என்று அடக்கிவிடும். சில மில்லிநொடியில் பிடி தளரும். நல்ல தூண்டல் கிடைத்தவை முந்திக்கொண்டு துடிக்கும். அந்தத் துடிப்பே கூடைச்செல்களை மறுபடி உசுப்பிவிடும். பிந்தியவை வாய் திறக்குமுன் அடுத்த ‘உஷ்’!

முந்தியவை எல்லாம் ஒன்றாகக் குரல் கொடுப்பதால் அடுத்த நியூரானுக்கு உறைக்கிறது. ஆளுக்கொரு நேரத்தில் பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.