வாதம் அடித்த கைக்குப் பிரஷர் கிளவுஸ்

பக்கவாதம் வந்தவரின் கை வீங்கும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டில் எல்லாம் இருந்தது, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நடக்கப் பழக்கச் சொன்னார்கள். கையைப் பற்றி ஒரு வரி கிடையாது. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அப்பாவின் இடது புறங்கை, விரல் கணுக்களே தெரியாத அளவுக்கு உப்பிவிட்டது. தோல் மினுமினுத்தது. அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்தார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் எங்கள் பகுதிக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்தான் காரணத்தைப் புரியவைத்தார். நாம் கையை மடக்கி நீட்டும்போது தசைகள் பிழிந்து பிழிந்து ரத்தத்தையும் நிணநீரையும் மேலே அனுப்புகின்றன. அசையாத கையில் அந்த வேலை நின்றுவிடுகிறது. போதாததற்குக் கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு அடைப்பு மூளையின் வலது பக்கம். அதனால் இடது கை என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இருக்காது. சக்கர நாற்காலியின் சக்கரத்தில் விரல் உரசினாலும் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

வீக்கம் வடிய இறுக்கிப் பிடிக்கும் கையுறை ஒன்று உண்டு, அதுதான் பிரஷர் கிளவுஸ் என்று அவர் சொன்னார். “உடனே கிளவுஸ் வாங்கிடாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றும் அவரே சொன்னார். கையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தாலும், தோலில் தொற்று இருந்தாலும், கைக்கு வரும் ரத்த ஓட்டமே குறைவாக இருந்தாலும் இறுக்கிப் போடுவது ஆபத்து. வீக்கத்தோடு கை சுட்டு, நிறம் மாறி, தொட்டாலே வலித்தால் அது தோளையும் கையையும் சேர்த்துப் பிடிக்கும் வேறொரு தொல்லையாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் தனி. அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் உறையைப் பற்றிப் பேசினோம். அதுவரை தலையணைமேல் கையை உயர்த்தி வைப்பது, விரல் நுனியிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக நீவிவிடுவது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மெடிக்கல் கடையில் எல்லாக் கைக்கும் ஒரே சைஸ் என்று கொடுத்த கிளவுஸை வலது கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, “இது ஒரு பக்கந்தான் இழுவுது அம்மிணி. கணுவுல புடிக்கும், திருப்பிக் குடுத்துரு” என்றார். வாதத்தில் அவர் பேச்சு பாதிக்கப்படவில்லை, துணி விஷயத்தில் வாயும் குறையவில்லை.

அளவெடுத்துத் தைக்கும் இடம் கோயமுத்தூரில் கிடைத்தது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தீக்காயம் பட்டவர்கள், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கிய பெண்கள். இந்தத் தொழிலே அவர்களை நம்பித்தான் இருக்கிறது. தீக்காயத் தழும்பு தடிக்காமலிருக்க நாளில் 23 மணி நேரம் கூடப் போட்டிருப்பார்களாம், அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்கும். அப்பாவுக்கு 15 முதல் 20 வரை போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

காலையில், வீக்கம் வடிந்திருக்கும் நேரத்தில் அளவெடுக்க வேண்டும். சாயங்காலம் எடுத்தால் உறை தொளதொளவென்று வந்து நிற்கும். ஒவ்வொரு விரலின் அடி, கணு வரிசை, உள்ளங்கை, மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரை இடைவெளி விட்டு விட்டு, டேப்பை இறுக்காமல் சுற்றி எடுத்தார்கள். விரல் நுனிகளைத் திறந்து வைக்கச் சொன்னோம், நகத்தின் நிறம் தெரிய வேண்டுமே. தையல் வெளிப்பக்கம் வர வேண்டும். உணர்ச்சி குறைந்த தோலில் தையல் அழுந்தினால் புண்ணாகும் வரை தெரியாது. “ஓவர்லாக் வேண்டாம், பிளாட்லாக் போடச் சொல்லு” என்று அப்பா பின்னால் உட்கார்ந்து குரல் கொடுத்தார். ஓவர்லாக் தையல் தடித்து நிற்கும், பிளாட்லாக் தட்டையாகப் படியும்.

உறை வந்த பிறகுதான் உண்மையான வேலை. வாதத்தில் இறுகி மூடிக்கிடக்கும் முஷ்டியில் உறையை விரல் விரலாக மாட்டுவது எப்படி? விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் கை இன்னும் இறுகும், வலிக்கும். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்க வேண்டும். அப்படி மடக்கினால் விரல்கள் தானாகத் தளரும். பிறகு கட்டைவிரலை நுனியில் தொடாமல், அடிப்பகுதியைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும். விரல்கள் உள்ளே போன பிறகு மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்தி, உறையை முழங்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முழங்கை மேஜைமேல் தாங்கியிருக்கட்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, வாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கும்.

இதில் எனக்கு உதவியது பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸ். அதை நான் மாட்டிக்கொண்டு தடவினால் துணி வழுக்காமல் ஏறும், நகம் பட்டுக் கிழியாது. மணிக்கட்டில் ஒரு மடிப்புகூட நிற்கக் கூடாது. அந்த ஒரு மடிப்பு ரப்பர் பேண்டு போட்ட மாதிரி வேலை செய்து, வீக்கத்தைக் கீழேயே தேக்கிவிடும்.

இறுக்கமாக இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அந்தக் கை அவருக்குச் சரியாகத் தெரியாது. நகத்தை அழுத்தி விடுவேன். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஆரம்பத்தில் அரை மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பார்த்தோம். தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் நல்லது, மறையாமல் சிவந்தே நின்றால் உறை சரியில்லை. பிறகு நேரத்தைக் கூட்டினோம். ராத்திரி கழற்றிவிட்டுத் தலையணைமேல் கையை வைப்போம்.

சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொள்வது தண்டனைதான். விரலிடுக்கு வேர்த்து வெளுத்துப்போகும், பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தாவிட்டால் படை வந்துவிடும். அதனால் இரண்டு உறை வேண்டும், ஒன்று கையில், ஒன்று கொடியில். மென்மையான சோப்பில் கசக்கி, முறுக்காமல் துண்டில் சுருட்டித் தண்ணீரை எடுத்து நிழலில் போட வேண்டும். “வெயில்ல போட்டீனா லைக்ரா செத்துப்போயிரும்” என்று, துணிக்கு இழுவை கொடுக்கும் அந்த நூலைப் பற்றி அப்பா தினமும் நினைவுபடுத்துவார். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில மாதங்களில் இழுவை போய்விடும்.

சரி, பலன்? புறங்கை வடிந்தது, கணுக்கள் தெரிந்தன. விரல்களைக் கொஞ்சமாவது மடக்கி நீட்ட முடிந்தது. இரண்டு கையையும் சேர்த்து மேஜை துடைப்பது, கட்டிங் வேஸ்ட் துணிகளை மடிப்பது என்று பயிற்சிகளும் தொடங்கின. கண்ணாடிப் பயிற்சியும் செய்தோம். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல்வது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத அந்தக் கை இருப்பதுபோலவே வலிப்பதற்காகக் கண்டது அது.

உறை கையைத் திருப்பிக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் வாதம் வந்த 16 பேரிடம் லைக்ரா உறையைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். மூன்று மணி நேரம் போட்டதில் மணிக்கட்டு, விரல்களின் இறுக்கம் குறைந்தது, வீங்கியிருந்த கைகளில் வீக்கமும் குறைந்தது. கை மறுபடி வேலை செய்ததா என்பது அதிலிருந்து தெரியாது. காற்றடித்துப் பிழியும் பம்பு ஒன்றை வாடகைக்குத் தருவதாகவும் ஒருவர் வந்தார். அப்படிப்பட்ட பம்பை வாதக் கை வீக்கத்துக்குப் பிரிட்டனில் சோதித்து, வழக்கமான பிசியோவைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 1999-இலேயே எழுதிவிட்டார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பணத்துக்குப் பிசியோ இன்னும் சில முறை வரலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரஷர் பார்க்கவும் ஊசி போடவும் வலது கையைத்தான் கொடுக்கிறோம். கேட்காமல் இடது கையைப் பிடிப்பார்கள், நாம்தான் முந்திச் சொல்ல வேண்டும்.

இப்போது அப்பா இடது கையால் துணியின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கிறார், பொத்தான் போட வரவில்லை. உறை பகலில் சில மணி நேரம் மட்டும். போன தடவை எடுத்த அளவு இனி உதவாது, கை மெலிந்துவிட்டது. புதிதாக அளவெடுக்க வேண்டும், இந்த முறை மணிக்கட்டில் ஜிப் வைத்துக் கேட்கப்போகிறோம். ஜிப்புக்கு அடியில் பட்டி வைக்காவிட்டால் தோலைக் கடிக்கும் என்று மாஸ்டர் இப்போதே ஆரம்பித்துவிட்டார்.