முதல் கோடையில் எலிஸ்பர்க்: குமரிக் குடும்பங்களுக்கு ஒரு பழைய மரக் கோஸ்டர்

நியூ ஜெர்சியில் வீடு பிடித்து, கார் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூச்சுவிடும் முதல் கோடையில் நாகர்கோவிலிலிருந்தோ தக்கலையிலிருந்தோ அம்மையும் அப்பாவும் வந்து இறங்குவார்கள். எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு நயாகராவில் ஆரம்பித்து வாஷிங்டனுக்குத் தாவும். கடைசியில் பிள்ளைகள் ரோலர் கோஸ்டர் கேட்டு அடம்பிடிப்பார்கள். அந்த அடத்துக்கு மசிகிறவர்கள் நேராகப் போய் நிற்பது விளம்பரம் பண்ணுகிற பெரிய பூங்காக்களில். அங்கே வாசலைத் தாண்டவே தலைக்கு இவ்வளவு என்று காசு. பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்க்கப்போகும் பெரியம்மைக்கும் சீட்டு எடுக்க வேண்டும். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் அப்பாவின் முகம் அன்றைக்கு முழுக்கத் தெளியாது.

முதல் பயணத்துக்கு எங்கள் சிபாரிசு பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் கனோபல்ஸ். 1926 ஜூலை 4-ல் திறந்த பூங்கா, இன்றும் கனோபல் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்கும் காசு இல்லை. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் சீட்டு. ஓங்கின மரங்களுக்கு அடியில், இரண்டு ஓடைகள் நடுவே ஓட, கடைகளும் ராட்டினங்களும் கலந்து கிடக்கின்றன. வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நியூ ஜெர்சியின் எடிசன் பக்கமிருந்து ஏறக்குறைய 3 மணி நேர ஓட்டம். 287-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய் 80-ம் எண் சாலையைப் பிடித்து மேற்கே திரும்பினால், டெலவேர் வாட்டர் கேப்பில் ஆற்றைத் தாண்டும் இடத்தில் பாலக் கட்டணம். கட்டணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஈசி பாஸ் கருவி கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தொல்லை இல்லை. வாடகைக் கார் என்றால், கட்டணத்தோடு கார் கம்பெனியின் சேவைக் கட்டணமும் சேர்ந்து பிறகு பில்லாக வரும். எடுக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 232-ம் எக்ஸிட்டில் இறங்கி 42-ல் தெற்கே வந்தால் கட்டவிசா, அங்கிருந்து 487. கடைசிப் பகுதி மலைக்கு இடையில் போகும் இருவழிச் சாலை. ஊர் வந்ததும் வேக வரம்பு மளமளவென்று இறங்கும், அந்தப் பலகையைத் தவறவிட்டால் போலீஸ் விளக்கு பின்னால் வரும். போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

நியூ ஜெர்சியில் பெட்ரோல் நாமே போடச் சட்டம் இடம் கொடுக்காது, பங்க் ஆள்தான் போடுவார். அதனால் பல மாதம் கார் ஓட்டினவர்கூடப் பென்சில்வேனியா பங்க்கில் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு முழிப்பார். கார்டைச் செருகி, ஜிப் கோடு கேட்டால் கார்டு பில் வருகிற முகவரியின் ஐந்து எண்ணை அழுத்தி, 87 என்று போட்ட (சாதாரண பெட்ரோல்) பொத்தானைத் தட்டி, குழாயை மாட்டி விசையை அழுத்த வேண்டும். டேங்க் நிறைந்ததும் தானே நிற்கும். பச்சைப் பிடி போட்டது பெரும்பாலும் டீசல், கை அதன் பக்கம் போக வேண்டாம். இந்திய வங்கிக் கார்டில் ஜிப் கோடு ஒத்துவராமல் மெஷின் தள்ளிவிடும். உள்ளே போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லி இவ்வளவு டாலருக்கு என்று முன்பணம் கட்டினால் வேலை முடியும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ அங்கே கட்டாயம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பாட்டி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம், மேசை பெஞ்சுகள் உண்டு. புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஏத்தங்காய் சிப்ஸ் போதும். மீன் குழம்பு ஆசையை அன்றைக்கு ஒத்திவையுங்கள், மதிய வெயிலில் பூட்டின காரின் டிக்கியில் அது நிற்காது. பூங்கா சாப்பாடும் மோசமில்லை. 

சீட்டு இரண்டு வகை. ஒன்று, புத்தகமாக வாங்கி ஒவ்வொரு ராட்டினத்துக்கும் கிழித்துக் கொடுப்பது. இன்னொன்று, நாள் முழுக்க ஏற ஒரே விலையில் கைப்பட்டை. கைப்பட்டை எந்தெந்த நாளில் கிடைக்கும், எது அதில் சேராது என்பதைப் போகும் முன் பார்த்துவிடுங்கள். கோஸ்டர் பைத்தியம் பிடித்த பிள்ளைக்குப் பட்டை, மற்ற எல்லாருக்கும் புத்தகம் என்பதுதான் கணக்கு. இடி மின்னல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், ஜூலை மாத மத்தியானங்களில் இது சகஜம். அப்போது பட்டைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பார், புத்தகக்காரருக்குச் சீட்டு பையில் பத்திரமாக இருக்கும்.

இனி ஃபீனிக்ஸ் என்ற பழைய மரக் கோஸ்டர். இந்த ஊருக்குப் போவதே இதற்காகத்தான். 1947-ல் டெக்சாஸ் சான் அந்தோனியோவில் பிளேலேண்ட் பார்க் என்ற இடத்தில் ராக்கெட் என்ற பெயரில் கட்டினது. பிலடெல்பியா டொபோகன் கம்பெனியின் ஹெர்பர்ட் ஷ்மெக் போட்ட வடிவம். 1980-ல் அந்தப் பூங்கா பூட்டப்பட்டு மரமெல்லாம் வெயிலில் கிடந்தது. கனோபல்ஸ்காரர்கள் அதை வாங்கி, ஒவ்வொரு சட்டத்துக்கும் அடையாளம் போட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து 1985-ல் மறுபடி நிறுத்தினார்கள். மரக் கோஸ்டரை இப்படிப் பெயர்த்து வைக்க முடியும் என்று மற்றவர்களுக்குக் காட்டின வேலை அது.

உயரம் 78 அடி, வேகம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. பாலத்தில் நின்று கீழே பறளியாற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு 78 அடி ஒரு உயரமா என்று தோன்றும். 300 அடி இரும்புக் கோஸ்டர்கள் உள்ள நாட்டில் இதை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றால், காரணம் உயரத்தில் இல்லை, மேடுகளின் வளைவில் இருக்கிறது. மேட்டு உச்சியில் வண்டி கீழே வளையும், உடம்போ வந்த வேகத்தில் மேலேயே போகப் பார்க்கும். அந்த நொடி தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே காற்றுதான் இருக்கும். பெரிய கோஸ்டர்கள் பலவற்றில் இது ஒன்றிரண்டு இடத்தில் வரும். ஃபீனிக்ஸின் கடைசிச் சிறு மேடுகளில் அடுத்தடுத்து வரும்.

நிலையத்தை விட்டதும் வண்டி ஒரு நீண்ட இருட்டுக் குகைக்குள் போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பிள்ளைக்கு வெப்ராளம் வருவது இங்கேதான், மேட்டில் இல்லை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளியே வந்ததும் சங்கிலி கொக்கியில் மாட்டி மேலே இழுக்கும். அப்போது கேட்கும் டக் டக் சத்தம் கோளாறு இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு, பாதையோரப் பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டே வரும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது அதுதான். மேலே போனதும் மொத்தக் கூடும் லேசாக ஆடும். மரம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும், விறைத்து நின்றால்தான் முறியும். தண்டவாளம் என்பது பலகைகளை அடுக்கடுக்காக ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கி, மேலே இரும்புப் பட்டை அடித்தது. பட்டைக்கு மேல் ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, கீழே ஒன்று. கீழ்ச் சக்கரம் இல்லாவிட்டால் மேட்டு உச்சியில் வண்டியே கிளம்பிப் போய்விடும். 1919-ல் ஜான் மில்லர் அதற்குக் காப்புரிமை வாங்கின பிறகுதான் கோஸ்டர்களுக்கு உண்மையான துணிச்சல் வந்தது.

எங்கே உட்காருவது? முன்வரிசை உச்சியைத் தாண்டினதும் பின்பெட்டிகள் மேலே வரும் வரை தயங்கி நிற்கும், கீழே இருக்கும் பள்ளத்தை ஆற அமரப் பார்க்கலாம். கடைசி வரிசைக்கு அந்த அவகாசம் இல்லை. முன்னால் விழுந்துகொண்டிருக்கும் பெட்டிகளின் கனம் சவுக்கு வீசினாற்போல் இழுத்துப் போடும். இடுப்பு வலிக்காரர்கள் இரண்டையும் விட்டு, ஒரு பெட்டியின் மூன்று வரிசைகளில் நடு வரிசையைக் கேளுங்கள். மற்ற இரண்டுக்கும் அடியில் சக்கர அச்சு இருக்கும், உதறல் அதிகம். பாதத்தைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்மானத்தில் அழுத்தாமல், வளைவு வரும் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தால் கழுத்து பிழைக்கும். கண்ணை இறுக்கி மூடுகிறவர்களுக்குத்தான் அடுத்த நாள் கழுத்து திரும்பாது, ஏனென்றால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியாது.

தடுப்புக் கம்பி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரே நிலையில் பூட்டும், வயிற்றோடு ஒட்டாது. பருத்த மாமாவோடு ஒல்லிப் பிள்ளையை உட்காரவைத்தாலும் இடைவெளி அப்படியேதான் இருக்கும். பிள்ளை எம்பும்போது மாமாவுக்குத்தான் உயிர் போகும். கம்பி கைக்கு எட்டி நன்றாகப் பிடிக்கத் தெரிந்த பிள்ளையை மட்டும் கூட்டிப்போங்கள். சாயங்காலம் இன்னொரு முறை ஏறுங்கள். சக்கரத் தாங்கிகளின் கிரீஸ் நாள் முழுக்கச் சூடேறி இளகியிருக்கும், அதே வண்டி காலையைவிட வேகமாக ஓடும்.

உயர அளவு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பூங்காக்களில் அடிக்கடி காணும் கோடுகள் 42 அங்குலமும் 48 அங்குலமும், அதாவது 107, 122 சென்டிமீட்டர். வீட்டில் சுவரில் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். ஊர்த் திருவிழா ராட்டினத்தில் ‘தம்பி, பிள்ளை என் மடியில இருந்துக்கிடும்’ என்றால் காரியம் நடக்கும். இங்கே கோலுக்குக் கீழே கால் அங்குலம் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், கெஞ்சினாலும் சிரித்துக்கொண்டே அதே பதில்தான். நூறு பேர் வரிசையில் நின்று பார்க்கப் பிள்ளை அழுவதைத் தவிர்க்க அந்தச் சுவர்க் கோடு உதவும். எட்டாத பிள்ளைக்குக் கோஸ்மோஸ் கர்வ்ஸ் என்ற குட்டிக் கோஸ்டர் இருக்கிறது.

சேலையில் வருகிற மைனிமார் கீழே நின்று பை பிடிக்க வேண்டியதுதான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏற ஆசை உண்டென்றால் அன்றைக்கு மட்டும் சுடிதார், அதிலும் துப்பட்டா பையில். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்துங்கள். கண்ணாடிக்குப் பின்கயிறு, போனுக்கு ஜிப் வைத்த பை. ரப்பர் செருப்பு மேட்டு உச்சியில் கழன்றுவிடும்.

பெரியவர்களில் நெஞ்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள், மூட்டு மாற்றினவர்கள், கர்ப்பிணிகள் கோஸ்டர் பக்கமே வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எடுத்த பயணக் காப்பீட்டில் ராட்டினக் காயம் சேருமா என்று விதிகளில் பாருங்கள். தலைசுற்றுக்காரர்கள் டைமென்ஹைட்ரினேட் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணிக்கு முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவைக்கும், கார் ஓட்டுகிறவர் தொடக்கூடாது. குமட்டலுக்கு முக்கியக் காரணம் கோஸ்டர் இல்லை, வட்டமாகச் சுற்றும் ராட்டினங்கள்தான். சாப்பிட்ட கையோடு அவற்றில் ஏற வேண்டாம்.

மற்றவை: ட்விஸ்டர், 1999-ல் கட்டின மரக் கோஸ்டர், ஃபீனிக்ஸைவிட உயரம், வளைவுகள் அதிகம், கழுத்துக்கும் வேலை அதிகம். ஃப்ளையிங் டர்ன்ஸில் தண்டவாளமே கிடையாது. மரத்தொட்டிக்குள் வண்டி தன் போக்கில் சுவரேறி உருளும். 1920-களின் வகை இது, 2013-ல் மறுபடி பிறந்தது. எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள், வெட்கப்படாதீர்கள். இம்பல்ஸ் செங்குத்தாக ஏறி செங்குத்தாக விழும் இரும்புக் கோஸ்டர், தலைகீழாகவும் புரட்டும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு. அம்மைக்கும் அப்பாவுக்கும் 1913-ன் பெரிய குதிரை ராட்டினம். வெளி வரிசைக் குதிரையில் இருந்தால், சுற்றி வரும்போது ஓரத்தில் நீட்டியிருக்கும் கையிலிருந்து வளையத்தைப் பிடுங்கலாம். பித்தளை வளையம் வந்தால் அடுத்த சுற்று இலவசம். எழுபது வயது அப்பாக்கள் இதில் காட்டும் ஆவேசத்தைப் பார்க்கவே போகலாம்.

பிட்ஸ்பர்க் பக்கம் குடியேறினவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம், 1898-ல் தொடங்கின கென்னிவுட் பக்கத்திலேயே இருக்கிறது. 1920-ன் ஜாக் ராபிட், 1927-ன் ரேசர் இரண்டும் மரம். ரேசரில் இரண்டு வண்டிகள் போட்டிபோட்டு ஓடும். இடப்பக்கம் கிளம்பினவர் வலப்பக்கம் வந்து இறங்குவார், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து முடிவில்லாமல் தொடரும் ஒரே பாதைதான். அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு.

கனோபல்ஸ் வழக்கமாக ஏப்ரல் கடைசியிலிருந்து வார இறுதிகளிலும், கோடையில் தினமும் திறக்கும். குளிர்காலம் பூட்டு, தச்சர்கள் பலகை மாற்றும் காலம் அது. இரவு வரை இருந்துவிட்டுத் திரும்பினால் 487-லும் 42-லும் மான் குறுக்கே பாயும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று வேகத்தைக் குறையுங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் போடுங்கள். பெட்ரோலை 80-ல் ஏறுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். டெலவேர் பாலத்தில் நியூ ஜெர்சி திசைக்குக் கட்டணம் இல்லை.